நாரங்குளத்துப் பதினோரு மணி

நாரங்குளத்தில் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மேல் நகராமல் நின்றுபோனதற்கு மாரிக்கனிதான் காரணம் என்று சொல்லித் திரிகிறவர்கள் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் வாயில் ஒரு பிடி மண்ணைத்தான் அள்ளிப் போட வேண்டும், ஏனென்றால் அந்தப் பிள்ளை செய்தது ஒன்றே ஒன்றுதான்: வரச்சொன்ன நாளில், வரச்சொன்ன நேரத்துக்கு, தலை சீவிப் பூ வைத்து, சர்டிபிகேட் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்குமேல் நடந்ததெல்லாம் கம்பெனி பண்ணின கூத்து.

கம்பெனி என்றால் தினமங்களம் காலண்டர் கம்பெனி. நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் அங்கேதான் அச்சாகி, ராகு காலமும் எமகண்டமும் ராசிபலனும் கட்டுக் கட்டாக லாரியேறி, ஊர் ஊராகப் போய் ஆணியில் தொங்கும், பாதி நாரங்குளத்துக்கு அதில்தான் சோறு. கம்பெனி வரவேற்பறையில் கதவு உயரத்துக்கு ஒரு தினக்காலண்டர் உண்டு. இப்போதைய முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சியின் அப்பா சாகும்போது ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போனார்: இன்றைக்கு வரச்சொன்ன ஆளை இன்றைக்கே பார்த்து அனுப்பாமல் இன்றைய தாளைக் கிழிக்கக் கூடாது. அதனால் சாயங்காலம் சங்கு ஊதினதும் அண்ணாச்சி மாடியிலிருந்து இறங்கி வந்து, "வரச்சொன்னவங்க எல்லாரையும் பாத்தாச்சா?" என்று கேட்பார், வரவேற்பில் இருக்கிற ஸ்டெல்லா, "பாத்தாச்சு அண்ணாச்சி" என்பாள், அவர் தாளைக் கிழித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கார் ஏறுவார். அவள் சொல்வது நிஜமா என்று அண்ணாச்சியும் பார்த்ததில்லை, தாளும் அதுவரை கேட்டதில்லை.

நிஜம் என்னவென்றால், மாரிக்கனியை அவர்கள் வரச்சொல்லி வரச்சொல்லியே செருப்பைத் தேய வைத்திருந்தார்கள். பி.காம். படித்தவள், கணக்குப் பிரிவு வேலைக்கு மனு போட்டவள். முதல் தடவை போனபோது, ஆள் எடுக்கிற அதிகாரி சுந்தரவடிவேல் சார் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். அடுத்த தடவை இவளை மிஷின் ஓட்ட வந்தவள் என்று நினைத்து, கண் டாக்டரிடம் கூட்டிப்போய்ச் சிவப்பு எது பச்சை எது என்று கேட்டு அனுப்பினார்கள். அதற்கடுத்த தடவை டை கட்டிய ஒருத்தர் இவளைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்க, இவளும் வியர்க்க வியர்க்கப் பதில் சொல்ல, கடைசியில் பார்த்தால் அவரும் இன்டர்வியூவுக்கு வந்த ஆள். சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் ஒத்திகை பார்த்திருக்கிறார், மகராசன். இன்னொரு நாள் பாத்ரூம் போய்த் திரும்புவதற்குள் பேரைக் கூப்பிட்டு, ஆளைக் காணோம், ஆப்சென்ட் என்று எழுதி மூடிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரே வார்த்தை: "கூப்பிடுறோம்மா."

அந்தக் "கூப்பிடுறோம்மா"வை நம்பித்தான் அவள் திருப்பூரைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற பெரியம்மா மகன் செல்லப்பாண்டி, கணக்குப் பிரிவில் இவளுக்காக ஓர் இடத்தைக் கெஞ்சிப் பிடித்து வைத்திருந்தான். அவனும் எத்தனை நாள்தான் பிடித்து வைப்பான்? "வெள்ளிக்கிழம காலைல பஸ் ஏறுனா உண்டு தங்கச்சி, இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாங்க" என்று போனில் சொல்லிவிட்டான். உள்ளூரில் வேலை கிடைத்தால் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற அம்மா ராமுத்தாயோடு இருந்துகொள்ளலாம், கிடைக்காது என்றால் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு மூட்டையைக் கட்டலாம். ஆமாவா இல்லையா, அது தெரிந்தால் போதும் அவளுக்கு. ஆகவே வியாழக்கிழமை காலையில் கிளம்பும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்: "ஒண்ணு ஆமான்னு சொல்லட்டும், இல்ல இல்லைன்னு சொல்லட்டும். ரெண்டுல ஒண்ணு காதுல விழாம நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்."

"பதினோரு மணிக்குச் சார் பார்ப்பார்" என்று வரச்சொல்லியிருந்தார்கள். இந்த அதிசயமான ஏற்பாட்டைச் செய்தவர்கள் நாரங்குளத்துக்காரர்களாகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் பதினோரு மணிக்குக் கம்பெனியே டீக்குப் போய்விடும். பதினோரு மணிக்கு ஒரு மணி அடித்தால் அத்தனை பேரும் எதிர்த்த பூமிநாதன் டீக்கடைக்குப் போவார்கள், பதினொன்றேகாலுக்கு இன்னொரு மணி அடித்தால் திரும்புவார்கள், மழை பெய்தாலும் மிஷின் எரிந்தாலும் இதில் மாற்றம் கிடையாது. மாரிக்கனி சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவர்க்கடிகாரம் பதினொன்றைத் தொட்டது. "சார் இப்பத்தான் டீக்குப் போனாங்க, வந்துருவாங்க" என்றாள் ஸ்டெல்லா. கடிகாரம் பதினொன்றைத் தொட்டது தொட்டதுதான், அதற்குமேல் ஒரு முள் நகரவில்லை.

அந்தக் கடிகாரம் மட்டும் என்றால் பேட்டரி என்று விட்டிருப்பார்கள். பஸ் ஸ்டாண்டுக் கடிகாரமும் நின்றது, கோவில் கடிகாரமும் நின்றது, செல்போனெல்லாம் பதினொன்றே காட்டியது, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வந்த சூரியன் அங்கேயே நின்றுகொண்டது, தொட்டியின் நிழல் சைக்கிள் கடை வாசலில் விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. இரண்டாவது மணி அடிக்க வேண்டிய வாட்ச்மேன் கடிகாரத்தையே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்து உட்கார்ந்துவிட்டார். மணி அடிக்காததால் டீக்கடையிலிருந்து யாரும் திரும்பவில்லை. சுந்தரவடிவேல் சாரும் திரும்பவில்லை. அவர் வந்து மாரிக்கனியைப் பார்த்தால்தான் பதினோரு மணி முடியும், பதினோரு மணி முடிந்தால்தான் அவர் டீக்கடையை விட்டு வருவார். முடிச்சு அப்படி விழுந்துவிட்டது.

ஊர் பதறியதா என்றால், அதுதான் இல்லை. நாரங்குளத்துக்காரர்கள் எதற்கும் சட்டென்று பதற மாட்டார்கள். பசித்தவர்கள் சாப்பிட்டார்கள், தூக்கம் வந்தவர்கள் வேட்டியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார்கள், எழுந்து பார்த்தால் பதினோரு மணி, பல்லைத் தேய்த்துவிட்டு மறுபடியும் வேலையைப் பார்த்தார்கள். வத்தல் காயப் போட்ட பெண்கள் இப்படி ஒரு வெயிலுக்குத்தான் காத்திருந்தோம் என்று வீட்டிலிருந்த கூழையெல்லாம் மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். வெளியூரில் எப்படி என்று கேட்க ஒருத்தர் சென்னையிலிருக்கிற மருமகனுக்குப் போன் போட்டார். "இங்கயும் வியாழக்கிழம பதினோரு மணிதான் மாமா" என்றான் அவன், "ஆனா ஆபீஸ்ல எப்பவுமே இப்படித்தான இருக்கும்னு நாங்க யாரும் கண்டுக்கல."

போதாக்குறைக்கு, அன்றைய தாளில் நல்ல நேரம் பத்தரையிலிருந்து பதினொன்றரை என்று போட்டிருந்தது. எமகண்டம் விடியற்காலையிலேயே கழிந்துவிட்டது, குளிகையும் முடிந்துவிட்டது, ராகு காலம் மத்தியானம்தான், மத்தியானம்தான் வரப்போவதில்லையே! முடிவில்லாத நல்ல நேரம் வாய்த்த ஊரில் என்ன நடக்கும்? கடை திறந்தார்கள், பூமி பூஜை போட்டார்கள், பெண் பார்த்தார்கள், காது குத்தினார்கள், ஏற்கெனவே திறந்த கடையை மூடி மறுபடியும் திறந்தார்கள். பக்கத்து ஊர்களிலும் அதே பதினோரு மணிதான், ஆனாலும் காலண்டர் அச்சாகிற ஊரின் நல்ல நேரம் ஒசத்தி என்று அந்த ஊர்க்காரர்களும் வேன் பிடித்து வந்து நாலு காரியத்தைத் தொடங்கிவிட்டுப் போனார்கள்.

ராசிபலன்தான் கொஞ்சம் சிக்கல். தினக்காலண்டரில் ராசிக்கு ஒரு வார்த்தைதான் போட்டிருப்பார்கள், சாதாரண நாளில் அதைப் படித்துவிட்டு மறந்துவிடலாம், இப்போதோ ஒரே வார்த்தையோடு குடும்பம் நடத்த வேண்டியதாயிற்று. ரிஷபத்துக்குப் 'பாசம்' என்று இருந்ததால் ரிஷப ராசிப் புருஷன்மார் வீட்டை விட்டு நகராமல் பெண்டாட்டிமாரைத் தொந்தரவு செய்தார்கள். சுந்தரவடிவேல் சாரின் மகரத்துக்குத் 'தாமதம்'. மாரிக்கனியின் விருச்சிகத்துக்கு என்ன தெரியுமா? 'வெற்றி'. அவள் அதை நாற்காலியிலிருந்தபடியே அண்ணாந்து படித்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நல்ல நேரமானாலும் ஓர் அளவு வேண்டாமா? முதலில் சலித்தது பள்ளிக்கூடம். பதினோரு மணி கணக்குப் பாட வேளை. வாத்தியார் புத்தகத்தை முடித்து, அடுத்த வகுப்புப் புத்தகத்தையும் முடித்து, சொல்ல ஒன்றுமில்லாமல் தன் கல்யாணக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சாப்பாட்டு மணி வராது என்று தெரிந்ததும் ராமுத்தாய், "மணியாவது கிணியாவது, தட்டத் தூக்கிட்டு வாங்கடா" என்று பசித்தபோதெல்லாம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். கறிக்கடை சிக்கந்தர் பாய் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வாங்கிக் கட்டின ஆடுகளுக்குத் தழை வாங்கிப் போட்டே ஓய்ந்தார். பொழுது போகாமல் அவற்றுக்குப் பேர் வேறு வைத்துவிட்டார், பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவருகிற ஆட்டை எந்த மனுஷன் அறுப்பான் என்று இப்போது தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாரையும்விடப் பாவப்பட்டவர் அழகர்சாமி. வெள்ளிக்கிழமை காலையில் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு நாள் முன்னதாகவே வந்து மண்டபத்தில் இறங்கியிருந்தார்கள். முந்தின நாள் வந்த சம்பந்தி வீட்டாருக்குப் பதினோரு மணிக்கு என்ன செய்ய வேண்டும்? டிபன் போட வேண்டும். போட்டார். கை கழுவிவிட்டு வந்து கடிகாரத்தைப் பார்த்தால் பதினோரு மணி. மறுபடியும் இலை போட வேண்டும். கேசரி கிண்டிக் கிண்டிச் சமையல்காரருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. நல்ல நேரம்தானே, இப்போதே தாலி கட்டிவிடலாமே என்று யாரோ கேட்டதற்கு, மாப்பிள்ளையின் அத்தை, "பத்திரிகைல வெள்ளின்னு அடிச்சுருக்கு, வெள்ளி வரட்டும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு வடை கேட்டாளாம். அழகர்சாமிக்குச் சிம்ம ராசி. அன்றைய பலன் 'செலவு'.

காரணம் என்ன என்று ஊர் ரொம்ப மண்டையைக் குழப்பிக்கொள்ளவில்லை. காலண்டர் கம்பெனியில் தாள் கிழியவில்லை என்றால் ஊரில் நாள் எப்படி நகரும் என்பது சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம். தனுஷ்கோடி அண்ணாச்சியே கீழே இறங்கி வந்து ஸ்டெல்லாவிடம், "பாத்தாச்சுன்னு சொல்லேன்" என்றார். "பாத்தாச்சு அண்ணாச்சி" என்று அவளும் சொன்னாள். அவர் இழுத்தார். தாள் ரப்பர் மாதிரி இழுபட்டு வந்து, அவர் விட்டதும் படீரென்று பழைய இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கட்டிங் மிஷினிலிருந்து பிளேடு கொண்டுவந்து அறுத்தார்கள், பிளேடு மழுங்கியது. நாற்காலியில் இருந்த பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமலே அண்ணாச்சி மாடியேறிப் போய்விட்டார். நீங்களே அவளைப் பார்த்துவிடுங்களேன் என்று ஸ்டெல்லா கேட்டதற்கு, "சுந்தரவடிவேல் பாத்து அனுப்பாம நான் எப்படிப் பாக்குறது? ஒரு முறைன்னு இருக்குல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆளுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள் அந்தக் கம்பெனியில்.

வாட்ச்மேன் டீக்கடைக்கு ஓடினார். "சார், அந்தப் பொண்ணு..."

"டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன்ல? மணி அடிச்சதும் வர்றேன்" என்றார் சுந்தரவடிவேல் சார். அவர் முகத்தைப் பார்த்தால் மணி அடிக்காமலே போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறவர் மாதிரி இருந்தது. பூமிநாதன் அவருடைய கிளாஸை மறுபடியும் நிரப்பினார்.

ஆகக்கூடி, ஊருக்கு ஒரே வழிதான் தோன்றியது. வரச்சொன்ன ஆளைப் பார்த்து அனுப்பினாலும் ஒன்று, வரச்சொன்ன ஆள் தானாக எழுந்து போனாலும் ஒன்று. சிக்கந்தர் பாயும் கணக்கு வாத்தியாரும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் வரவேற்பறைக்கு வந்து சுற்றி நின்றார்கள்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. நீ எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டா ஊரு விடிஞ்சுரும்" என்றார் பாய்.

"நான் என்ன பாய் தப்பு பண்ணேன்? கூப்பிட்டாங்க, வந்தேன்."

"தப்பு உன்மேலன்னு யாரு சொன்னா? ஆனா அவுங்க அசையிற மாதிரி தெரியல. அசையக்கூடிய ஆளுகிட்டதான கேக்க முடியும்?"

இப்படித்தான் எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். மாரிக்கனிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பின்கழுத்து வலித்தது, நாற்காலியின் பிளாஸ்டிக் வரி வரியாக முதுகில் பதிந்திருந்தது. அவசரத்துக்குப் போக வேண்டும் என்றால் ஸ்டெல்லா வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள், "சீக்கிரம் வாடி, நீ இல்லாதப்ப கூப்பிட்டுத் தொலச்சுரப் போறாங்க" என்பாள். அம்மா தூக்குவாளியில் கொண்டுவந்த சோற்றை நாற்காலியிலேயே சாப்பிட்டு, நாற்காலியிலேயே தூங்கி, நாற்காலியிலேயே விழித்து, இத்தனையும் பண்ணிவிட்டு இப்போது எழுந்து போவதா? போனால் இன்னொரு நாள் "கூப்பிடுறோம்மா" என்பார்கள், அதற்குள் திருப்பூரும் போய்விடும்.

"எந்திரிக்க மாட்டேன்" என்றாள்.

அப்போதுதான் அழகர்சாமி உள்ளே வந்தார். கையில் கரண்டியோடு வந்திருந்தார், அதைக் கீழே வைக்கக்கூட அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. அவர் எழுந்திரு என்று சொல்லவில்லை. எதிரில் தரையில் உட்கார்ந்து, "எம்மக மணப்பொண்ணு அலங்காரத்தோட உக்காந்து உக்காந்து களைச்சுப் போச்சும்மா. எப்பப்பா எப்பப்பான்னு கேக்குது. நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று அழுதுவிட்டார்.

எப்போ எப்போ என்று கேட்டுக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்த ஊரில் மாரிக்கனிக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? அவள் சர்டிபிகேட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ஏய், எந்திரிச்சா ஆப்சென்ட் போட்டுருவாங்கடி!" என்று ஸ்டெல்லா கத்தினாள்.

"நாற்காலிய விட்டுட்டு எந்திரிச்சாத்தான ஆப்சென்ட்?" என்று சொல்லி, மாரிக்கனி அந்தச் சிவப்பு நாற்காலியைத் தூக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

தெருவில் இறங்கினதும் பின்னால் ஸ்டெல்லா, அவளுக்குப் பின்னால் பாய், பாய்க்குப் பின்னால் பேர் வைத்த ஆடுகள், வாத்தியார், வகுப்புப் பிள்ளைகள், கரண்டியோடு அழகர்சாமி, கையில் வடையோடு மாப்பிள்ளையின் அத்தை என்று ஊரே திரண்டு, அசையாத வெயிலில் அசையாத நிழல்களை மிதித்துக்கொண்டு, ரோட்டைக் கடந்து பூமிநாதன் டீக்கடை முன்னால் போய் நின்றது. மாரிக்கனி நாற்காலியை இறக்கி, சுந்தரவடிவேல் சார் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேர் எதிரே போட்டு, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இது டீ டைம்மா" என்றார் சார்.

"எனக்கு இன்டர்வியூ டைம் சார்."

"ரெண்டும் ஒரே டைம்தான் சார், நீங்கதான வரச்சொன்னீங்க" என்றார் பூமிநாதன் பாய்லருக்குப் பின்னாலிருந்து. டீ நிறைய விற்றாலும் நின்றபடி ஆற்றி ஆற்றி அவருக்கும் கால் வீங்கியிருந்தது.

சார் கிளாஸை வைத்தார், சுற்றிலும் பார்த்தார், தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் அவருக்கு வேறு என்ன வரும், பழக்கதோஷம், "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

மாரிக்கனி சொன்னாள். பேரைச் சொன்னாள், படிப்பைச் சொன்னாள், கணக்கில் வாங்கின மார்க்கைச் சொன்னாள். "நல்ல பிள்ள சார், என் கடைச் சிட்டையெல்லாம் இதுதான் பாத்துக் குடுக்கும்" என்று பாய் நடுவில் சேர்த்துக்கொண்டார். பிறகு காதுகுத்தைச் சொன்னாள், கண் டாக்டரைச் சொன்னாள், டை கட்டினவரைச் சொன்னாள், ஆப்சென்டைச் சொன்னாள். டை கட்டினவர் கதைக்குக் கூட்டம் சிரித்தது, ஆப்சென்டுக்குச் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சார் தொண்டையைச் செருமினார்.

"சரிம்மா. நாங்க கூப்பி..."

"ஏஏஏய்!" என்று ஊரே ஒரே குரலில் அலறியது. ஆடுகள் மிரண்டன. கணக்கு வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார்: "சார், உங்க காலப் புடிக்கிறேன், அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லிறாதீங்க. இத்தோட வெள்ளிக்கிழமையும் நின்னுரும்."

சுந்தரவடிவேல் சாரின் முகம் கோணியது. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பிரச்சினையே. கிளாஸைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "வேல இல்லம்மா. பொங்கலுக்கு முன்னாடியே அண்ணாச்சி வீட்டம்மாவோட சித்தப்பா மகன அந்த எடத்துல போட்டாச்சு."

"அப்பவே சொல்லிருக்கலாமே சார்" என்றாள் மாரிக்கனி. "அதுக்கப்புறமும் எதுக்கு சார் வரச்சொன்னீங்க?"

"இல்லைன்னு சொன்னா உன் முகம் வாடிப்போயிருமேன்னுதாம்மா. சொல்ல மனசு வரல. வரச்சொன்னா ஒரு நாளாவது சந்தோஷமா இருப்பியேன்னு..."

"வந்து வந்து திரும்பிப் போறப்பல்லாம் வாடுச்சே சார், அது உங்க கண்ணுல படலையா?"

மாரிக்கனி அழுதாள். ஊர் முழுக்கப் பார்க்கிறதே என்ற கூச்சமெல்லாம் இல்லாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதாள். ஆனால் அழ அழ நெஞ்சில் கிடந்த ஒரு கல் நகர்வதும் அவளுக்கே தெரிந்தது. இல்லை. அவ்வளவுதான். இல்லை என்றால் இல்லை.

யாரோ, "நெழலு!" என்று கத்தினார்கள். சைக்கிள் கடை வாசலில் கிடந்த தொட்டியின் நிழல் ஒரு விரல்கடை நகர்ந்திருந்தது. வாட்ச்மேன் விழுந்தடித்து ஓடினார். பஸ் ஸ்டாண்டில் ஹாரன் அடித்தது, கோவில் கடிகாரத்து முள் அசைந்தது, அழகர்சாமி கரண்டியை ஆட்டிக்கொண்டு மண்டபத்தைப் பார்த்து ஓட, பிள்ளைகள் ஓட, ஆடுகள் ஓட, கம்பெனி மணி பதினொன்றேகாலுக்கு அடித்தபோது கூட்டம் மொத்தமும் கலைந்து தெருவில் மாரிக்கனியும் நாற்காலியும் மட்டும்தான் இருந்தார்கள். பூமிநாதன் இஞ்சி தட்டிப் போட்டு ஒரு டீ கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் வந்தது என்பதே ஒரு திருவிழா. மொட்டைமாடிகளில் ஏறி நின்று சூரியன் விழுவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். தினமங்களத்தில் தாள் பூப்போலக் கிழிந்து வந்தது. அண்ணாச்சி அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பயந்து ஸ்டெல்லாவிடமே கொடுத்துவிட்டார், அவள் அதைக் கொண்டுவந்து மாரிக்கனி கையில் கொடுத்தாள். நாற்காலியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மண்டபத்து நாதஸ்வரம் தெருவெல்லாம் கேட்டது. மாரிக்கனி திருப்பூருக்குப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள், ராமுத்தாய் கோவில் விபூதியை அந்த வியாழக்கிழமைத் தாளிலேயே மடித்து மகள் பையில் வைத்துக்கொண்டிருந்தாள், அப்போது வாசலில் கார் வந்து நின்றது. தனுஷ்கோடி அண்ணாச்சி இறங்கினார்.

"ராவெல்லாம் தூங்கலம்மா" என்றார். "வரச்சொன்ன ஆள ஒழுங்காப் பாத்து அனுப்புறதுக்குன்னு இனிமே ஒரு ஆள் வேணும். புது வேல. ஊரே உன்னத்தான் சொல்லுது. என்ன, வர்றியா?"

ராமுத்தாய் மகள் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்ன ஆசை என்று கேட்கவா வேண்டும்? ஆனாலும், "உனக்கு எது சரின்னு படுதோ அதச் சொல்லு" என்றாள்.

மாரிக்கனி சிவப்பு நாற்காலியை எடுத்து வாசலில் போட்டாள். "உக்காருங்க அண்ணாச்சி. டீ போட்டுக்கிட்டு இருக்கேன். யோசிச்சுச் சொல்றேன்."

உள்ளே வந்து அடுப்பு முன்னால் நின்றாள். சும்மா சொல்லக் கூடாது, அண்ணாச்சியை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததில் அவளுக்கு வெல்லம் தின்ற சந்தோஷம். கொஞ்ச நேரம் உட்காரட்டுமே என்று நினைத்தாள். பால் நுரைத்து விளிம்புக்கு ஏறியது. ஏறினது, பொங்கவும் இல்லை, அடங்கவும் இல்லை, விளிம்பிலேயே நின்றது. மண்டபத்து நாதஸ்வரம் ஒரே இழுப்பில் நின்று இழுத்துக்கொண்டே இருந்தது. கெட்டிமேளத்துக்கு ஐயர் தூக்கின விரல் இறங்கவில்லை என்றும், தாலியோடு குனிந்த மாப்பிள்ளைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்றும், அழகர்சாமி, "ஐயோ, மறுபடியும் யாரு யாரக் காக்க வச்சுருக்கீங்க!" என்று மண்டபமே அதிரக் கத்தினார் என்றும் பிறகு சொன்னார்கள்.

"அட கடவுளே!" என்று மாரிக்கனி வாசலுக்கு ஓடினாள். "வரல அண்ணாச்சி! நான் வரல! திருப்பூருக்குப் போறேன்!"

கெட்டிமேளம் கொட்டியது. உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிந்த சத்தம் கேட்டது, ராமுத்தாய் ஓடினாள்.

அண்ணாச்சியின் முகம் வாடத்தான் செய்தது. "ஏம்மா?" என்றார்.

"நான் படிச்சது கணக்கு அண்ணாச்சி. அங்க எனக்காக ஒரு எடம் புடிச்சு வச்சுருக்காங்க. அதுவுமில்லாம, ஒங்க கம்பெனி வாசலப் பாத்தாலே எனக்கு முதுகு வலிக்குது." கொஞ்சம் யோசித்து, "ஸ்டெல்லாவையே போடுங்க, அவளுக்கு எல்லாம் தெரியும். யாரையும் பதினோரு மணிக்கு மட்டும் வரச்சொல்லாதீங்க" என்றும் சொன்னாள்.

மிச்சமிருந்த பாலில் ராமுத்தாய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். அண்ணாச்சி வாடின முகத்தோடேயே அதை ஊதி ஊதிக் குடித்தார், நல்லா இருக்கு தாயி என்றார், கிளாஸைக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. திருப்பூர் பஸ் அன்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தது, மாரிக்கனிக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது.